மூன்று நாள் கீழாநெல்லி போதுமா?

“மஞ்சள் காமாலைக்கு ஆஸ்பத்திரியில் மருந்தே கிடையாது, கீழாநெல்லியை மோரில் அரைத்து மூன்று நாள் குடித்தால் போதும்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

காமாலை தனி நோயல்ல, அறிகுறி. ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் ஏறினால் கண் மஞ்சளாகும். அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ என்ற கல்லீரல் வைரஸ் தொற்று பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். பெயரைக் கீழாநெல்லி தட்டிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். பித்தக்குழாயைக் கல்லோ கட்டியோ அடைத்திருந்தால்? மலம் சுண்ணாம்பு போல வெளுக்கும், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும், உடம்பெல்லாம் அரிக்கும். அடைப்பை நீக்காமல் எந்தச் சாறும் உதவாது.

மருந்தே இல்லை என்பதும் பழங்கதை. ஹெபடைடிஸ் சி என்ற இன்னொரு கல்லீரல் வைரஸ் தொற்றை இன்று பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையே குணமாக்குகிறது. அப்புறம், காமாலைக்காரருக்குப் பேச்சு குழறினாலோ தூக்கக் கலக்கமாகவே இருந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.