கடைசி பெஞ்ச், சுவரோரம்

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்."

இருபது வருஷமாக ஒவ்வொரு ஜூன் மாதமும் தவறாமல் கேட்கிற வசனம் இது. சேர்க்கைக்கு வருகிற அப்பாக்கள் பிள்ளையின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சிரித்தபடியே சொல்வார்கள். பிள்ளையும் சிரிக்கும். நானும் சிரித்துவிட்டு ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்குவேன்.

போன வருஷம் ஆறாம் வகுப்பில் ஒரு பையன் வந்தான். எங்கே உட்கார வைத்தாலும் ரெண்டாவது பீரியடுக்குள் கடைசி பெஞ்சின் சுவரோர மூலைக்குப் போய்விடுவான். கரும்பலகையைப் பார்க்க மாட்டான், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். கேள்வி கேட்டால் ஒன்றும் வராது. 'கவனிக்கல' என்று ஸ்கேலால் உள்ளங்கையில் ரெண்டு போட்டேன். சட்டம் தெரியாமல் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதைத் தடை செய்கிறது. பயிற்சி வகுப்பில் அதைப் பற்றி நோட்டில் ஒரு பக்கம் எழுதி வைத்தவன்தான் நான். அப்படியும் கை நீண்டது.

அடுத்த வாரம் அவனை வலுக்கட்டாயமாக முன்பெஞ்சில் உட்கார வைத்திருந்தேன். பின்னால் யாரோ டிபன் பாக்ஸைக் கீழே போட, 'டங்'கென்று ஒரு சத்தம். வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. இவன் திரும்பவில்லை. ரெண்டு கையையும் தூக்கித் தலையை மூடிக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டான். சிரித்தவர்கள் நிறுத்திய பிறகும் கை இறங்கவில்லை.

மத்தியானம் சத்துணவுக்கு அப்புறம் மெதுவாகக் கேட்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சாதாரணமாகத்தான் சொன்னான்: "எங்கப்பா பைக்குக்கு ஸ்டாண்டு போடுத சத்தத்துலயே தெரிஞ்சிரும் சார், இன்னைக்கு எப்படின்னு."

ஒரே உதையில் ஸ்டாண்டு விழுந்தால் பரவாயில்லையாம். ரெண்டு மூணு தடவை தப்பித் தப்பி விழுந்தால் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் பெரியம்மா வீட்டுக்கு ஓடிவிட வேண்டும். பதினோரு வயசுப் பிள்ளை இவ்வளவு நுணுக்கமாக ஒரு பாடம் படித்து வைத்திருக்கிறான். நான் அவனுக்கு 'கவனம் இல்லை' என்று தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேத் போலாக் என்று ஓர் உளவியலாளர். 2002இல் அவரும் கூட இருந்தவர்களும் குழந்தைகளுக்கு முகப் படங்களைக் காட்டிச் சோதித்தார்கள். தெளிவே இல்லாத முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகிக்கொண்டே வரும். அது என்ன உணர்ச்சி என்று குழந்தை சொல்ல வேண்டும். வீட்டில் அடி வாங்கி வளர்ந்த பிள்ளைகள் கோபத்தை மட்டும் மற்ற பிள்ளைகளைவிடச் சீக்கிரம், படம் அரைகுறையாக இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டார்கள். என் முகத்தையே ஒருத்தன் பார்த்துக்கொண்டிருந்தானே, அவன் என்ன படித்துக்கொண்டிருந்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

மூளை சும்மா இருப்பதில்லை. அமிக்டலா என்று உள்ளே ஒரு சின்னப் பகுதி, ஆபத்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் வாட்ச்மேன் மாதிரி. ஆபத்து என்றால் மணி அடிக்கும், கார்ட்டிசால் என்கிற பதற்ற ஹார்மோன் ஏறும், நெஞ்சு படபடக்கும், ஓடவோ திருப்பி அடிக்கவோ உடம்பு தயாராகிவிடும். பாம்பைக் கண்டால் அது நல்லதுதான். பாம்பு தினமும் ராத்திரி பைக்கில் வீட்டுக்கு வந்தால்? மணி ஓயாது. யோசிக்கிற, நினைவில் வைக்கிற, ஆத்திரத்தை அடக்குகிற பகுதிகள் வளர்ந்துகொண்டிருக்கும் வயசு அது. அந்த வயசில் இந்த மணிச் சத்தத்துக்கு நடுவில் பின்னம் கூட்டச் சொன்னால் எப்படிக் கூட்டுவான்?

சரி, அப்பா குடிக்கிற வீட்டுக் கதை என்று இதை ஒதுக்கிவிடலாம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இன்னொன்றும் தெரியும். தாமிரபரணிக் கரையில் வாத்தியாராக இருந்தால் 'வெட்டு' என்ற சொல்லைக் காய்கறியோடு சேர்த்துக் கேட்பது குறைவு. சில வருஷம் முன்னால் பக்கத்து ஊரில் ஒரு கொலை விழுந்தது. மறுநாள் பஸ் இல்லை. ஊர் முக்கில் போலீஸ் வேன். மூணாம் நாள் பிள்ளைகள் வந்தார்கள், பாதிப் பேர். வழக்கம்போல 'சொல்வதெழுதுதல்' வைத்தேன். எப்போதும் பத்துக்கு ஒன்பது வாங்குகிற பிள்ளை அஞ்சு வாங்கினாள். இவர்களில் யாரும் கொலையைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. செத்தவர் சொந்தக்காரரும் இல்லை. லீவு மப்பு என்று நினைத்து எல்லோரையும் இம்போசிஷன் எழுத வைத்தேன்.

சிகாகோவில் இதையே அளந்திருக்கிறார்கள். பேட்ரிக் ஷார்க்கி என்ற சமூகவியலாளர் 2010இல் வெளியிட்ட ஆய்வு அது. குழந்தைகளுக்கு வாசிப்புத் தேர்வு நடந்த தேதியையும், அவர்கள் குடியிருக்கும் பகுதியில் கொலை நடந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தேர்வுக்கு முந்தைய ஒரு வாரத்துக்குள் கொலை நடந்திருந்தால், அந்தத் தெருக்களில் இருக்கும் கறுப்பினக் குழந்தைகளின் மதிப்பெண் கணிசமாகச் சரிந்திருந்தது. அந்தப் பிள்ளை கொலையைப் பார்த்ததா இல்லையா என்பதே அதில் கணக்கில்லை. என் இம்போசிஷன் நோட்டுகள் ஞாபகம் வந்தன.

வீட்டு அடி வேறு, ஊர்ச் சண்டை வேறு என்று நாம் தனித்தனியாகப் பேசுகிறோம். அப்படி இல்லை என்பதற்கு அத்தாட்சி நம் மொழி பேசுகிற பிள்ளைகளிடமே இருக்கிறது. இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிக் குழந்தைகளிடம் பேசி நடத்திய ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. ஷெல், இடப்பெயர்வு, அதற்கு மேல் சுனாமி. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஏதோ ஒரு வகையில் போரைச் சந்தித்திருந்தார்கள். ஆனால் வீட்டுக்குள் வன்முறையை ஒருமுறையாவது சந்தித்தவர்கள் 95.6 சதவீதம்! போரைவிட வீட்டைச் சொன்ன பிள்ளைகள் அதிகம். வீட்டில் விழுந்த அடியின் அளவோடு ரெண்டு விஷயம் சேர்ந்தே ஏறின: தகப்பனின் குடி, அந்தக் குடும்பம் கண்ட போர். வெளியே விழுகிற குண்டு கடைசியில் பிள்ளையின் முதுகில்தான் வந்து விழுகிறது. நடுவில் ஒரு பாட்டில்.

நாங்குநேரியைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. 2023 ஆகஸ்ட் 9 ராத்திரி, பன்னிரண்டாம் வகுப்புப் படித்த தலித் மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அதன்பின் அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை ஒருநபர் குழுவாகப் போட்டது. 2024 ஜூனில் 610 பக்க அறிக்கை வந்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, நெற்றியில் அடையாளம் கூடாது என்று அதில் சொன்னதை வைத்து டிவியில் ஒரு வாரம் குடுமிப்பிடி நடந்தது. 500 பேருக்கு மேல் படிக்கிற உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஒரு பள்ளி நல அலுவலர் வேண்டும் என்றும் அதே அறிக்கையில் இருக்கிறது. அதைப் பற்றி எவனாவது பேசி நீங்கள் கேட்டீர்களா? கயிறு என்றால் சண்டைக்கு நிற்போம். பிள்ளை உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும் என்றால் கொட்டாவி.

அந்த மாணவன் ஆஸ்பத்திரியும் அறுவை சிகிச்சையுமாகக் கிடந்து, பிளஸ் டூவில் 600க்கு 469 வாங்கினான். ஊரெல்லாம் கொண்டாடினோம், சந்தோஷம்தான். ஆனால் ஸ்டேட்டஸில் அந்த மார்க்கை வைத்தவர்கள் பலர் 'தழும்பு மனிதனை வலுவாக்கும்' என்று தத்துவமும் சேர்த்துக்கொண்டார்கள். அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. வெட்டு விழாமல் இருந்திருந்தால் எவ்வளவு வாங்கியிருப்பான் என்று எனக்குக் கணக்கு ஓடுகிறது. வெட்டிய பையன்களைப் பற்றியும் ஓடுகிறது. அவர்கள் மேல் வழக்கு நடக்கட்டும், நியாயம் கிடைக்கட்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அரிவாளை ஒரு தீர்வாக எந்தத் திண்ணையில் கற்றுக்கொண்டார்கள் என்றும் யாராவது கேட்க வேண்டும்.

இனி கமெண்டில் வரப்போவது தெரியும். "நாங்கள்லாம் அடி வாங்கித்தான் வளர்ந்தோம். இப்ப நல்லா இல்லையா?" முருங்கையை ஒடித்து வளர்க்கணும், பிள்ளையை அடித்து வளர்க்கணும் என்று பழமொழியும் வரும். நல்லா இருக்கிறோமா? 1998இல் ஃபெலிட்டி, ஆண்டா என்ற ரெண்டு அமெரிக்க மருத்துவர்கள் பல ஆயிரம் பெரியவர்களிடம் சின்ன வயசில் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டு, அவர்களின் உடல்நிலையோடு ஒப்பிட்டார்கள். நாலு வகைக் கொடுமையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடி, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி எல்லாம் பல மடங்கு அதிகம். இதய நோய்கூட. என் அப்பா என்னை பெல்ட்டால் அடிப்பார். நான் நல்லாத்தான் இருக்கிறேன், அரசு வேலை, சொந்த வீடு. ஸ்கேலை எடுத்து அந்தப் பையனின் உள்ளங்கையை நீட்டச் சொன்னதும் அதே நான்தான்.

இப்போது அவனைக் கடைசி பெஞ்ச் சுவரோரமே விட்டுவிட்டேன். அங்கிருந்தால் வாசலும் தெரியும், ஜன்னலும் தெரியும், முதுகுக்குப் பின்னால் சுவர். காவல் வேலை பாதி குறைகிறது போல. கணக்கு கொஞ்சம் வருகிறது. ரொம்ப இல்லை, கொஞ்சம். அவன் அம்மாவிடம் குழந்தைகள் உதவி எண் 1098ஐ எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதுவரை கூப்பிடவில்லை. நான் கூப்பிடலாமா, கூப்பிட்டால் அந்த வீட்டில் அன்று ராத்திரி என்ன ஆகும் என்று இன்னும் குழம்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அரையாண்டுத் தேர்வில் நம்பர்படி உட்கார வைத்ததில் அவனுக்கு முன்பெஞ்ச் விழுந்துவிட்டது. வினாத்தாள் கொடுக்கும்போது நிமிர்ந்து பார்த்தான்.

"பின்னாடி யாரு சார் நிப்பா?"

"நான்தாம்ல நிக்கேன்" என்றேன். பேனா மூடியைக் கழற்றினான்.