உப்பும் வினிகரும் பூச்சாயத்தைப் பிடித்து வைக்காது

'காய்ந்த செண்டுமல்லிச் சாற்றில் பருத்தித் துணியை முக்கி, உப்பும் வினிகரும் சேர்த்தால் சாயம் போகவே போகாது' என்று சொல்வது தவறு. உப்பு சில ரசாயனச் சாயங்களுக்குத்தான் உதவும். பூவின் மஞ்சளைப் பருத்தியோடு கட்டிவைக்க உலோக உப்பு வேண்டும். படிகாரம் அப்படி ஒன்று, அதுவே போதும்.

1 கிலோ துணியை முதலில் சலவைச் சோடாவில் கொதிக்கவிட்டுக் கஞ்சியையும் எண்ணெயையும் நீக்குங்கள். இதைத் தவிர்த்தால் திட்டுத் திட்டாகத்தான் ஏறும். பிறகு 200 கிராம் கடுக்காய்ப்பொடி கரைத்த நீரில் ஓர் இரவு ஊறல்; பருத்தி படிகாரத்தைத் தானாகச் சரியாகப் பிடிக்காது, கடுக்காயின் துவர்ப்புதான் பிடித்துக்கொடுக்கும். பிழிந்து, 150 கிராம் படிகார நீரில் ஊறவையுங்கள். அப்புறம்தான் பூ: 1 கிலோ காய்ந்த இதழ், காம்பும் பச்சைப் புல்லியும் நீக்கியது. அதன் சாற்றில் துணியை 80 டிகிரிச் சூட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். தளதளவென்று கொதித்தால் மஞ்சள் மங்கிப் பழுப்படிக்கும்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் போர் தண்ணீரில் செய்பவர்கள் கவனியுங்கள்: வாளியில் செம்மஞ்சள் கறை படிந்தால் நீரில் இரும்பு இருக்கிறது. கடுக்காயோடு சேர்ந்து துணி சாம்பல் பாய்ந்துவிடும். மழைநீர் நல்லது. இரும்புச் சட்டி வேண்டவே வேண்டாம், எவர்சில்வர் போதும். நிழலில் உலர்த்துங்கள்.

செம்பருத்திக்கு இந்த முறையும் கைகொடுக்காது. அதன் சிவப்பு வெயிலிலும் சோப்பிலும் போய்விடும். விற்பனைத் துணிக்கு தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள்.