ஊர் வேண்டும் என்றது, மாநிலம் வேண்டாம் என்றது

வாடகை வீட்டில் இருக்கிற எல்லோரும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1994 நவம்பரில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்போது அந்த மாநிலத்தில் வாடகைக் கட்டுப்பாடு இருந்தது மூன்றே ஊர்களில்: பாஸ்டன், கேம்பிரிட்ஜ், புரூக்லைன். கேம்பிரிட்ஜில் வாடகைக்கு இருப்பவர்கள்தான் பெரும்பான்மை. உள்ளூர் அரசியலில் அவர்களை மீறி வீட்டு உரிமையாளர்களால் சட்டத்தை நீக்க முடியவில்லை. அதனால் அங்கே தொடங்கிய சிறு உரிமையாளர் சங்கம், விஷயத்தை மாநிலம் முழுவதுக்குமான வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனது. மூன்று ஊர்களும் கட்டுப்பாடு தொடரட்டும் என்றே வாக்களித்தன. மாநிலக் கணக்கிலோ ஏறத்தாழ 51க்கு 49 என்று உரிமையாளர்கள் ஜெயித்தார்கள். கேம்பிரிட்ஜில் குடியிருப்பவரின் வாடகையை, அந்தச் சட்டமே இல்லாத ஊர்க்காரர்கள் முடிவு செய்தார்கள். இதை எப்படி ஜனநாயகம் என்று ஏற்பது?

அடுத்த ஆண்டே கலிபோர்னியா. அங்கே சட்டமன்றம் காஸ்டா-ஹாகின்ஸ் சட்டத்தை நிறைவேற்றியது. தனி வீடுகளுக்கும் 1995 பிப்ரவரி 1-க்குப் பிறகு கட்டிய கட்டடங்களுக்கும் எந்த நகரமும் வாடகை உச்சவரம்பு வைக்க முடியாது. குடியிருந்தவர் தானாகக் காலி செய்தால், அடுத்து வருபவரிடம் உரிமையாளர் எவ்வளவும் கேட்கலாம். இதை நீக்கவோ தளர்த்தவோ 2018, 2020, 2024 என மூன்று முறை வாக்கெடுப்புக்குப் போனார்கள். மூன்றிலும் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் எதிராக வாக்களித்தார்கள். கலிபோர்னியா அபார்ட்மென்ட் சங்கம் என்ற வீட்டு உரிமையாளர் அமைப்பும் பெரிய ரியல் எஸ்டேட் நிறுவனங்களும் எதிர்ப்புப் பிரசாரத்துக்குக் கோடிக்கணக்கான டாலர்களைக் கொட்டின.

2024-இல் அந்தச் சங்கம் இன்னொரு படி மேலே போனது. மூன்று முயற்சிகளுக்கும் பணம் கொடுத்தது எய்ட்ஸ் ஹெல்த்கேர் பவுண்டேஷன் என்ற எச்.ஐ.வி. சிகிச்சை அமைப்பு. அந்த அமைப்பு நடத்தும் குடியிருப்புகள் மீதும் புகார்கள் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அரசுத் திட்டத்தில் மருந்துகளைத் தள்ளுபடி விலைக்கு வாங்கும் அமைப்புகள், அதில் வரும் வருமானத்தில் 98 சதவீதத்தை நோயாளிகளுக்கே செலவிட வேண்டும் என்று ஒரு முன்மொழிவை உரிமையாளர் சங்கம் கொண்டுவந்தது. நிபந்தனைகளைப் படித்தால் அந்த ஓர் அமைப்புக்காகவே, அதன் பணம் வாக்கெடுப்புகளுக்குப் போகாமல் தடுக்கத் தைத்த சட்டை என்று புரியும். நோயாளிகளைக் காப்போம் என்று சொல்லி வாக்குக் கேட்டார்கள். மிகக் குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்தும்விட்டது. எனக்கு இதுதான் தாங்கவில்லை. வாடகையைப் பற்றி வாதாடி ஜெயிப்பது ஒன்று. எதிராளி இனி வாதாடவே முடியாமல் செய்வது வேறு.

சரி, வாடகைக் கட்டுப்பாட்டால் கெடுதலே இல்லையா? இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவைப் பற்றி ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, குடியிருந்தவர்கள் வீடு மாறாமல் நிலைத்தார்கள். ஆனால் கட்டுப்பாட்டுக்குள் வந்த உரிமையாளர்கள் வாடகைக்கு விடும் வீடுகளை 15 சதவீதம் குறைத்தார்கள். சங்கம் வைப்பதும் அரசிடம் முறையிடுவதும் உரிமையாளர்களின் உரிமைதான். ஒரே ஒரு வீட்டின் வாடகையை நம்பிப் பிழைக்கும் வயதானவரின் கவலையும் நியாயமானது. இதையெல்லாம் அந்தந்த ஊர் மன்றத்தில் நேருக்கு நேர் பேசட்டும் என்கிறேன்.

அந்த வழிதான் அடைபட்டுக் கிடக்கிறது. 2023 மார்ச்சில் பாஸ்டன் நகர மன்றம், ஆண்டு வாடகை உயர்வு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற மேயர் மிஷெல் வூவின் திட்டத்தை 11-2 என்று ஏற்றது. 1994 முடிவால் மாநிலச் சட்டமன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது. ரியல் எஸ்டேட் அமைப்புகள் எதிர்த்தன. அனுமதி வரவில்லை.