மூத்த கலைஞர்களுக்குப் பொன்னாடை வேண்டாம், நேரம் கொடுங்கள்

இந்தக் கோடையில் கிருஷ்ணகிரிக்கு அருகே நடந்த ஓர் இசை விழாவுக்குப் போயிருந்தேன். நாட்டுப்புறக் கலைஞர்களையும் கித்தாரும் டிரம்ஸுமாக வரும் ராக் குழுவினரையும் ஒரே மேடையில் ஏற்றியிருந்தார்கள்; அதில் எனக்கு மகிழ்ச்சியே. என் வருத்தமெல்லாம் நேரத்தைப் பங்கிட்ட விதத்தில்தான். வெயில் இறங்காத, பாதி நாற்காலிகள் காலியாகக் கிடந்த வேளையில் மூத்த கூத்துக் குழுவை மேடையேற்றி, கால் மணி நேரம் ஆவதற்குள் கீழிருந்து சைகை காட்டி, பொன்னாடை போர்த்திப் படமெடுத்து இறக்கிவிட்டார்கள். சிறு நாகசுரம் போன்ற முகவீணையை ஊதுபவர், அதன் வாய்ப்பகுதியான சீவாளியை நாவில் நனைத்து ஆர்மோனியத்தின் சுருதியோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அறிவிப்பாளர் அடுத்த நிகழ்ச்சியைச் சொல்லத் தொடங்கிவிட்டார். பறைக் குழுவின் நிலை இன்னும் மோசம். வைக்கோல் தீயில் காட்டினால்தான் தோல் இறுகி நாதம் எழும். தீ மூட்ட அனுமதி இல்லை என்றதால் தொய்ந்த தோலிலேயே அடித்துவிட்டு இறங்கினார்கள்.

இரவில் வந்த ராக் குழுவினரும் ஐம்பதைக் கடந்தவர்கள்தாம், நன்றாகவே வாசித்தார்கள். ஆனால் அவர்களுடைய ஒலிபெருக்கியைச் சரிபார்ப்பதற்குச் செலவிட்ட நேரம், கூத்துக்கு ஒதுக்கிய மொத்த நேரத்தையும்விட அதிகம்.

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இது புரியாததல்ல. நம் திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரதக் கதை சொல்லும் பாரத விழா நடக்கும் நாட்களில், பகலில் சொற்பொழிவும் இரவில் கூத்தும் என விடிய விடியப் போகிறது. போரில் துரியோதனன் வீழ்வதைக் காட்டும் படுகளத்தன்று அவனுடைய மண் உருவத்தைச் சுற்றி ஊரே கூடி நிற்கிறது. அங்கே வயதான வேஷக்காரர் ஒருவருக்குக் குரல் திறப்பதே நள்ளிரவுக்குப் பிறகுதான். முன்போல் உச்சத்தில் நிற்க முடியாத இடத்தில் அவர் குரலைத் தாழ்த்திப் பாடுவார், பின்பாட்டுக்காரர்கள் மேலே தாங்கிக்கொள்வார்கள், கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ஒரு கேலியை வீசி அவருக்கு மூச்சு வாங்க அவகாசம் கொடுப்பான். முதுமைக்கு ஏற்ற இந்த ஏற்பாடு கூத்துக்குள்ளேயே இருக்கிறது. பதினைந்து நிமிடத்தில் அதை எப்படிக் காட்ட முடியும்?

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் குரொப்ரெடி என்றொரு கிராமம் இருக்கிறது. 1967இல் தொடங்கிய ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்னும் நாட்டுப்புற ராக் குழு, 1979இல் கலைந்தபோது தன் பிரியாவிடை நிகழ்ச்சியை அங்கேதான் நடத்தியது. பிறகு ஆண்டுதோறும் மறுபடி கூடி, அதையே ஆகஸ்ட் மாத விழாவாக்கிக்கொண்டது. மேடை ஒன்றுதான், மக்கள் மடக்கு நாற்காலியோடு வயலில் வந்து உட்காருகிறார்கள். கடைசி இரவு அந்த மூத்தவர்களுக்கே உரியது. பழைய உறுப்பினர்களும் வந்து சேர்ந்துகொள்ள, மணிக்கணக்கில் வாசிக்கிறார்கள். ராக் இசைக்குச் செல்லும் இந்த மரியாதை நம் கூத்துக்கும் பறைக்கும் ஏன் செல்லாது என்பது எனக்கு விளங்கவில்லை.

"கூட்டம் எழுந்து போய்விடும்" என்று அமைப்பாளர்கள் சொல்வார்கள். பென்னாகரம் பக்கத்து ஊர்களில் பாயும் போர்வையுமாக வந்து விடியும்வரை உட்காருபவர்கள் யாராம்? அடுத்த கோடையில் கூத்தை இரவு ஒன்பது மணிக்கு வையுங்கள். குறைந்தது இரண்டு மணி நேரம் கொடுங்கள். மேடைக்குப் பின்னால், தண்ணீர் வாளியோடு ஓர் ஆளை நிறுத்தியாவது, பறைக்குத் தீ மூட்ட இடம் விடுங்கள். பொன்னாடைக்கு ஆகும் பணத்தைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம்.