9 மாதம் பொறுக்கச் சொல்லுங்கள்

முழங்கால் ஜவ்வு கிழிந்தால் சின்னத் துளை போட்டுச் சரிசெய்துவிடலாம், மறுநாளே நடக்கலாம் என்று மூட்டு அறுவை சிகிச்சை பற்றிய உங்கள் கட்டுரையில் இருக்கிறது. நடக்கலாம், உண்மைதான். ஆனால் விளையாடவும் செய்யலாம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். அதுதான் எனக்குப் பயம்.

என் தம்பி கபடி ஆடுகிறவன். ரெய்டு போய்த் திரும்பும்போது ஊன்றிய காலில் முட்டி திருகிக்கொண்டது, 'டப்' என்று ஒரு சத்தம். ஏசிஎல், அதாவது முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஜவ்வு, அறுந்துவிட்டது. பெரும்பாலும் அதை அப்படியே தைப்பதில்லை. தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநாரை எடுத்து, மேல் எலும்பிலும் கீழ் எலும்பிலும் துளையிட்டு, மூட்டுக்குள் விடும் ஆர்த்ரோஸ்கோப் என்ற சிறு கேமராவில் பார்த்தபடியே புதிதாகப் பொருத்துகிறார்கள். வெளியே தழும்பு சின்னது, உள்ளே நடக்கும் வேலை சின்னதில்லை. பொருத்திய நார் முதல் சில மாதங்களில் வலுவிழந்து, அப்புறம்தான் மெல்ல உறுதிப்படும். வலி இல்லையே என்று நான்காம் மாதம் களத்தில் இறங்கினால் மறுபடி அறுந்துவிடலாம். அதனால்தான் 9 மாதமாவது பொறுக்கச் சொல்கிறேன்.

தம்பியும் ஐந்தாம் மாதமே விளையாடத் துடித்தான். பிசியோதெரபிஸ்ட் இரண்டு தொடைகளையும் டேப் வைத்து அளந்து, ஒன்று எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று காட்டிய பிறகுதான் அடங்கினான். பிரேசில் கால்பந்து வீரர் நெய்மருக்கு 2023 அக்டோபரில் ஏசிஎல் கிழிந்தது, மறுபடி ஆடியது 2024 அக்டோபரில். அவ்வளவு வசதி இருந்தும் ஒரு வருடம்!

பிசியோதெரபி பற்றி ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள், ப்ளீஸ். எங்கள் ஊர்ப் பக்கம் தையல் பிரித்ததோடு சிகிச்சை முடிந்தது என்றே பல பையன்கள் நினைக்கிறார்கள்.