கால் வீசைப் பட்டாணி

பர்மாவின் யாங்கோன் நகரம், அனோரதா சாலை. காளியம்மன் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சட்டி, ஒரு அடுப்பு, நாலு முக்காலி. மாலை நாலரை மணி. அக்கா பேஜோ, அதாவது பருப்பும் அரிசிமாவும் கலந்த பர்மியப் பலகாரம், பொரித்துக்கொண்டிருக்கிறார். தம்பிக்கு 52 வயது, மரக்கடையில் கணக்கு எழுதுகிறவர். தினமும் சட்டி ஓரத்திலேயே நிற்பவர், இன்று நாலடி தள்ளி நிற்கிறார்.

அக்கா: ஏன் தம்பி அங்கேயே நின்றுவிட்டாய்? எண்ணெய் தெறிக்கவில்லையே.

தம்பி: இன்றைக்கு வேண்டாம் அக்கா. காரணம் தெரிந்துவிட்டது.

அக்கா: எதற்குக் காரணம்?

தம்பி: நாலரை ஆனால் என் கால் தானாக இந்தச் சந்துக்குள் திரும்புகிறதே, அதற்கு. பசியே இல்லை. மத்தியானம் சோறு நிறையவே சாப்பிட்டேன். காலையில் புரதம் குறைந்தால் சாயங்காலம் மூளை இப்படித்தான் அலையும் என்று மகள் படித்துக் காட்டினாள்.

அக்கா: காலையில் என்ன சாப்பிட்டாய்?

தம்பி: டீக்கடையில் பாலும் சீனியும் தூக்கலாக ஒரு டீ, நீளமாகப் பொரித்த ஒரு ஈச்சாகுவே.

அக்கா: அதாவது சீனித் தண்ணீரில் பொரித்த மாவை முக்கித் தின்றாய்.

தம்பி: அப்படிச் சொன்னால் அசிங்கமாக இருக்கிறது. கேளுங்கள். அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தில் காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கிற, உடம்பு பருத்த 20 பெண்களை வைத்துப் பார்த்தார்கள். 2013-ல் வெளிவந்தது. ஒரு வாரம் 13 கிராம் புரதம் உள்ள காலை உணவு, இன்னொரு வாரம் 35 கிராம் உள்ளது. இரண்டுமே 350 கலோரிதான். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் மூளையைப் படம் பிடித்தபோது, 35 கிராம் சாப்பிட்ட வாரத்தில் ஆசையைக் கிளப்பும் இடங்கள் அடங்கிக் கிடந்தனவாம். ராத்திரிக் கொறிப்பும் குறைந்துவிட்டதாம்.

அக்கா: இருபதே பேரா? மழை பெய்கிற நாளில்கூட என் கடைக்கு அதைவிடக் கூட்டம் வரும். வயசு என்ன அவர்களுக்கு?

தம்பி: பதினெட்டு, பத்தொன்பது, இருபது.

அக்கா: உனக்கு ரொம்பப் பொருந்துகிறது.

தம்பி: மூளை எல்லோருக்கும் மூளைதானே அக்கா! டோபமைன் என்று ஒன்று இருக்கிறது. ஆசையைக் கூட்டுவதிலும் அடக்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அதைச் செய்ய டைரோசின் வேண்டும். அது புரதத்தில் இருக்கிறது.

அக்கா: சரி, 35 கிராமுக்கு என்ன சாப்பிட வேண்டும்?

தம்பி: அவர்களுக்கு முட்டையும் மாட்டிறைச்சியும் கொடுத்தார்கள். நமக்கு மாடு ஆகாது. முட்டை மட்டும் என்றால் ஆறு.

அக்கா: காலையில் ஆறு முட்டையா! உன் வீட்டுக்காரி உன்னையும் கோழிக்கூண்டில் போட்டு மூடிவிடுவாள்.

(சட்டியில் அடுத்த ஈடு விழுகிறது. தம்பி ஓரடி முன்னால் வருகிறார். அவருக்கே தெரியவில்லை.)

அக்கா: பேஜோவில் பருப்பு இருக்கிறதே, அது புரதம் இல்லையா?

தம்பி: நீங்கள் போடுவது ஒரு பிடி பருப்பு. மீதி அரிசிமாவும் எண்ணெயும். சூழ்ச்சியே அங்கேதான் இருக்கிறது. சிம்ப்சன், ரௌபன்ஹைமர் என்று இரண்டு விஞ்ஞானிகள் 2005-ல் ஒரு கருத்தை எழுதினார்கள். உடம்புக்குப் புரதத்தில் ஒரு அளவு இருக்கிறது, அது நிரம்பும்வரை தின்னச் சொல்லிக்கொண்டே இருக்கும் என்று. அதற்கு முன்பே வெட்டுக்கிளிகளிடம் இதைப் பார்த்தவர்கள்.

அக்கா: இந்த ஊரில் அந்த மாதிரிப் பூச்சியை வறுத்துத் தட்டில் குவித்து விற்கிறான். அவனிடம் வாங்கித் தின்றால் ஆராய்ச்சியும் ஆச்சு, புரதமும் ஆச்சு.

தம்பி: விளையாடாதீர்கள். உப்பும் சாறுமாக ருசி வந்தால், கறியோ மீனோ வருகிறது என்று நாக்கு நம்பிவிடும். நீங்கள் மாவில் ஒரு சிட்டிகை அஜினமோட்டோ போடுகிறீர்கள். புரதம் வரப்போகிறது என்று உடம்பு வாயைத் திறக்கிறது, உள்ளே போவது மாவு. கேட்டது கிடைக்கவில்லையே என்று இன்னொன்று கேட்கிறது. அதனால்தான் எனக்கு எட்டு, ஒன்பது என்று போகிறது.

அக்கா: தொழில் ரகசியத்தைத் தெருவில் நின்று கத்தாதே. அவித்த பட்டாணி சாப்பிடேன். முளைகட்டினது, காலையில் கூடையில் வருமே. எவ்வளவு வேண்டும், கணக்குப் போடு.

தம்பி: (விரலை மடக்கி) நூறு கிராம் அவித்த பட்டாணியில் எட்டு கிராம் புரதம். அப்படியென்றால் நானூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே.

அக்கா: கால் வீசை.

(இங்கே வீசை என்றால் 1.63 கிலோ. பர்மாக்காரர் அதைப் பெய்த்தா என்பார்கள். அக்காவுக்குக் கிலோ என்றாலே கடன் வாங்கிய சொல் போல இருக்கும்.)

தம்பி: கால் வீசைப் பட்டாணியைத் தின்றுவிட்டு நான் எப்படி மூடிய அறையில் உட்கார்ந்து கணக்கு எழுதுவது?

அக்கா: ஜன்னல் பக்கம் உட்கார். காலை ஆறு மணிக்கு இதே இடத்துக்கு வா, நானே கட்டித் தருகிறேன்.

தம்பி: நீங்களா விற்கிறீர்கள்?

அக்கா: இருபது வருஷமாக. நீ அந்த நேரத்தில் எழுந்திருந்தால்தானே தெரியும்.

(மறுநாள், அதே நாலரை. தம்பி அதே சந்தில்.)

அக்கா: கால் வீசை உள்ளே போனதா?

தம்பி: முழுசும். அந்த ஆசை இல்லவே இல்லை அக்கா. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அக்கா: ஆசை இல்லை என்று சொல்லவா மூன்று தெரு தாண்டி வந்தாய்?

தம்பி: பழக்கம். அதற்குப் புரதத்தில் மருந்து இல்லை போலிருக்கிறது.

(வெறும் டீயைக் குடிக்கிறார். பொட்டலம் கட்டி ஓரமாக வைத்திருப்பதைப் பார்க்கிறார். கொஞ்ச நேரம் பார்க்காமல் இருந்து பார்க்கிறார்.)

தம்பி: அது யாருக்கு?

அக்கா: உன் வீட்டுக்காரிக்கு.

தம்பி: அவளா? என்னைத் திட்டுகிறவளே அவள்தானே!

அக்கா: தினமும் நீ போன பிறகு வருவாள். 'அவர் எத்தனை தின்றார்' என்று விசாரித்துக்கொண்டே எண்ணெய் வடிவதற்குள் நாலு தின்றுவிடுவாள். காலையில் அவளுக்கும் டீ மட்டும்தானாமே?

தம்பி: (நெடுநேரம் சட்டியைப் பார்த்துவிட்டு) நாளைக்குப் பட்டாணியை அரை வீசையாகக் கட்டிவிடுங்கள் அக்கா.