மாதிரிப் படமாம்!

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சுனாமி நினைவுநாளுக்கென்று ஒரு முகநூல் பக்கம் போட்ட அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், என்னுடைய இன்பொக்ஸுக்கே ஆள் மாறி ஆள் அனுப்பிக்கொண்டிருந்தீர்கள், அதனால் முழுக்கதையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. "திருகோணமலையை விழுங்கிய சுனாமி, இதுவரை வெளிவராத காட்சி" என்று தலைப்பு. கறுப்புத் தண்ணீர் பெரிய மதிலுக்கு மேலால் வழிந்து படகையும் காரையும் அள்ளிக்கொண்டு வருகிறது. அது 2011 மார்ச் 11 அன்று யப்பானில், மியாக்கோ நகரத்தில் எடுத்தது. உலகமே பார்த்த வீடியோ. எங்கட ஊரில் அப்படி ஒரு கடல் மதில் எங்கே இருக்கிறது, டச்பேயிலா, உப்புவெளியிலா? அதையாவது யோசித்திருக்க வேண்டாமா?

சரி, பிடிபட்டாயிற்று. எனக்குக் கோபம் வந்தது அதற்குப் பிறகுதான். "மாதிரிக்காகப் போட்டது, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்" என்று அந்தப் பக்கத்தை நடத்துகிற அட்மின் தம்பி ஒரு வரி எழுதினார். உடனே கீழே ஒரு கூட்டம் வந்து சொற்களை அள்ளி வீசியது. சின்னத் தவறாம். கொஞ்சம் மிகைப்படுத்தலாம். ஒருவர் "சித்திரிப்பு" என்றார், அவர் படித்தவர் போலிருக்கிறது.

மிகைப்படுத்தல் என்றால் நடந்ததை ஊதிப் பெருப்பிப்பது. அந்த வீடியோவில் இருக்கிற எதுவும் எங்கள் ஊரில் நடக்கவே இல்லை, எதை ஊதினார்கள்? தவறு என்றால் தெரியாமல் செய்வது. "இதுவரை வெளிவராத" என்று ஒருவன் தெரியாமல் எழுதுவானா, அதை யோசித்துத்தானே எழுத வேண்டும்? சித்திரிப்பு என்றால் இது சித்திரிப்பு என்று பார்க்கிறவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதற்கு எங்கட சனத்திடம் நல்ல சொல் ஒன்று இருக்கிறது: பேய்க்காட்டுறது. எழுத்தில் வேண்டுமென்றால் திரிப்பு என்று எழுதுங்கள். அதைவிடக் குறைந்த சொல்லை என்னிடம் கொண்டு வராதீர்கள்.

இது புதிதும் இல்லை. சீனாவில் சியன்டாங் ஆற்றில் வருசா வருசம் ஓதம், அதாவது கடல் பெருக்கு, ஏறிவரும், பெரிய அலையாக வரும். 2002இல் அங்கே எடுத்த படங்களைத்தான் 2004 சுனாமி என்று மின்னஞ்சலில் உலகம் முழுக்கச் சுற்றவிட்டார்கள். படம் உண்மை, தலைப்புத்தான் பொய். இன்னொன்று, சிலியின் அன்டோஃபகாஸ்டா நகரத்துக்கு முன்னால் ஒரு இராட்சத அலையை ஒட்டி, தாய்லாந்தின் புக்கெட் என்று விட்டது. அது படமே சோடித்தது. இரண்டும் ஒன்றில்லை. முகநூல்காரனே தரம் பிரித்து வைத்திருக்கிறான், பொய், மாற்றப்பட்டது, பாதிப் பொய், சூழல் இல்லாதது, நையாண்டி என்று. வியாபாரத்துக்கு நடத்துகிற அவனுக்கு இருக்கிற அந்த வேறுபாடு எங்களுக்கு இல்லாமல் போனது ஏன்?

"படம் பொய்யென்றாலும் சுனாமி வந்தது உண்மைதானே அக்கா" என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்.

என் அக்காவின் மகள் 2004க்குப் பிறகு பிறந்தவள். இந்த வீடியோவை அம்மம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். அம்மம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது ஆர்ட கடல்?" என்று கேட்டா. "எங்கட கடல்தான், போட்டிருக்குப் பாருங்கோ" என்றாள் பிள்ளை. "உப்பிடி வரேல்ல. ஒழுங்கைக்குள்ளால தண்ணி மெல்ல வந்தது, பிறகுதான் ஏறினது." பிள்ளை நம்பவில்லை. அம்மம்மாவுக்கு வயதாகிவிட்டது, மறந்திருப்பா என்று எங்களுக்கு விளக்கம் சொன்னாள்.

மறந்திருப்பாவாம். திருக்கடலூரில் அந்த வீட்டில் நின்றவ அம்மம்மா. அன்று ஞாயிறு, பௌர்ணமிப் போயா, நத்தாருக்கு மறுநாள். திருவெம்பாவைக் காலம், விடியவே எழும்பிக் கோயிலுக்குப் போய் வந்த வீடு. முதலில் வாசலில் காயப்போட்டிருந்த நெத்தலிப் பாய் மிதந்ததாம், யாரோ வாளியைத் தட்டிவிட்டார்கள் என்று சின்னம்மா சத்தம் போட்டாவாம். பிறகு கிடுகு வேலி முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. சுனாமி என்ற சொல்லே அன்று யாருக்கும் தெரியாது, கடல் பொங்குது என்றுதான் கத்திக்கொண்டு ஓடினார்கள். சின்னம்மா வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் கிணற்றை எத்தனை தரம் இறைத்தாலும் உப்புத்தான், பவுசரில் வந்த தண்ணீரைத்தான் குடித்தோம். இதெல்லாம் எந்த வீடியோவிலும் இல்லை.

இப்படியான திரிப்பால் யாருக்கு என்ன நட்டம் என்கிறவர்களும் கேளுங்கள். சுமாத்திராப் பக்கம் கடலடி நிலம் மேற்கே உயர்ந்தது, கிழக்கே தாழ்ந்தது. அதனால் தாய்லாந்தில் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே இருந்த எங்கள் பக்கத்துக்கு முதலில் வந்ததே உயர்ந்த தண்ணீர்தான். நாளைக்குத் தாய்லாந்து வீடியோவையும் இப்படித் "திருகோணமலை" என்று பார்த்து வளர்கிற பிள்ளை, கடல் உள்வாங்கினால்தான் ஓட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கரையில் நிற்காதா? உள்வாங்கினால் ஓடத்தான் வேண்டும், ஆனால் அதற்காகக் காத்துக்கொண்டு நின்றால் முடிந்தது கதை. இதற்கும் "மாதிரிப் படம்" என்று பதில் சொல்வீர்களா?

"நினைவேந்தலுக்குத்தானே போட்டார்கள், நோக்கம் நல்லது." இருக்கட்டும். டிசம்பர் 26, காலை 9.25க்கு இரண்டு நிமிட மௌனத்துக்கு நாங்கள் எழுந்து நிற்கிறோம், இவர்கள் அதே நேரத்தில் சினிமாப் பின்னணி இசையோடு யப்பான்காரனின் சாவை எங்கள் சாவு என்று ஏற்றுகிறார்கள். அந்தக் காரில் இருந்தது யார் வீட்டுப் பிள்ளையோ, அதற்குக்கூட மரியாதை இல்லை.

இன்னொருவர் மகா புத்திசாலி. தேவாரம் பாடிய திருஞானசம்பந்தரும் ஊருக்கு வராமல் இராமேச்சரத்தில் இருந்துதானே எங்கள் கோணமாமலையைப் பாடினார் என்கிறார். ஐயா, சம்பந்தர் பதிகத்துக்கு "நேரில் எடுத்த அரிய காட்சி" என்று தலைப்புப் போடவில்லை.

முன்னேறுகிற இளைஞனைப் பார்த்துப் பொறாமையாம் எனக்கு. இதற்குப் பதில் இல்லை.

உண்மையைச் சொன்னால் இந்த ஒரு வீடியோ இல்லை என் பிரச்சினை. எங்கள் ஊரைப் பார்த்து யாருக்குமே திருப்தி வருவதில்லை. நிலாவெளி என்று போட்டு மாலைதீவுக் கடலைக் காட்டுவார்கள், நிலாவெளிக்கு என்ன குறை? கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு "கொதிக்கும் மர்மக் கிணறுகள்" என்று தலைப்பு, சனம் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக் குளிக்கிற தண்ணீர் அது, கொதித்தால் ஊற்றுவார்களா? 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலுக்கு இப்போது ஏஐயில் படம் செய்து "உண்மைத் தோற்றம்" என்று பகிர்கிறார்கள், கோபுரம் பார்த்தால் மதுரை மாதிரி இருக்கிறது, அதற்குக் கீழே ஆயிரம் பேர் கைகூப்புகிறார்கள். படம் இல்லாத இடத்தில் இல்லை என்று சொல்ல ஏன் இவ்வளவு வெட்கம்?

"அப்ப உங்களிட்ட உண்மையான வீடியோ இருந்தாப் போடுங்கோவன்" என்று கேட்டவருக்கு மட்டும் கடைசியாக. இல்லை. அன்று எங்கள் ஒழுங்கையில் ஒருவர் கையிலும் கமெரா இல்லை, இருந்திருந்தாலும் யாரும் நின்று எடுத்திருக்க மாட்டார்கள். இல்லாததை நீங்கள் யப்பானில் இருந்து எடுத்து நிரப்ப வேண்டாம். அட்மின் தம்பி, இதை வாசிப்பீர் என்று தெரியும். மன்னிப்பு ஒன்றும் வேண்டாம். அந்தத் தலைப்பை அழித்துவிட்டு "யப்பான், 2011" என்று மாற்றும். பிறகு வந்து அக்கா ஓவராகக் கதைக்கிறா என்று எத்தனை கொமென்ட் வேண்டுமென்றாலும் போடும்.